மூன்றாவது அணியைத் தேடிய 88 நாட்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், மயாமி ஹீட் அணியின் டைலர் ஹீரோவின் சம்பளம் 2.7 கோடி டாலர். அதே அணியின் டங்கன் ராபின்சனுடையது சுமார் 1.8 கோடி. இரண்டையும் கூட்டினால் 4.5 கோடி. மயாமி வாங்க நினைத்த போர்ட்லண்ட் நட்சத்திரம் டேமியன் லில்லர்டின் சம்பளம் 4.56 கோடி. கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிட்டது. கூடவே ஓரிரு டிராஃப்ட் உரிமைகளை, அதாவது வரும் ஆண்டுகளில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை, கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

2023 கோடையில் மயாமி ஹீட் ரசிகர் யாரைக் கேட்டிருந்தாலும் இந்தக் கூட்டலை மனப்பாடமாக ஒப்பித்திருப்பார். போர்ட்லண்ட் ரசிகரின் பதிலோ ஒரே ஒரு கேள்வி: சரி, அந்த ஹீரோவை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் ஜூலை 1 முதல் செப்டம்பர் 27 வரை 88 நாள் ஓடியது. என்பிஏவில் ஒரு பெரிய டிரேட் (அணிகளுக்குள் வீரர் மாற்றம்) பற்றி வதந்தி கிளம்பினால் ரசிகர்கள் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், அணிகள் உள்ளே எதைப் பற்றிப் பேசுகின்றன, இரண்டும் ஏன் ஒட்டுவதே இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

லில்லர்ட் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஓக்லண்டில் பிறந்தவர். பெரிய பெயரில்லாத வீபர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2012 டிராஃப்டில் 6-வது ஆளாக போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸுக்கு வந்தார். சட்டை எண் 0. 2014-இல் ஹூஸ்டனுக்கு எதிராக 0.9 நொடி மிச்சமிருக்கும்போது பந்தை வாங்கிப் போட்டு தொடரையே முடித்தார். 2019-இல் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக 37 அடி தூரத்திலிருந்து கடைசிப் பந்தைப் போட்டுவிட்டு, எதிரணியைப் பார்த்து 'போய்வாருங்கள்' என்று கையசைத்தார். ஆட்டம் இறுகும் நேரத்தில் மணிக்கட்டைத் தட்டி 'இது என் நேரம்' என்று காட்டுவது அவர் வழக்கம். 11 சீசன் ஒரே ஊரில். சக நட்சத்திரங்கள் கோப்பையைத் தேடி ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த காலத்தில், மாறாமல் இருப்பதையே பெருமையாகச் சொன்னவர்.

அப்படிப்பட்டவர் 2023 ஜூலை 1 அன்று என்னை அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். சில நாட்களுக்கு முன்புதான் போர்ட்லண்ட் டிராஃப்டில் 3-வது ஆளாக ஸ்கூட் ஹெண்டர்சனைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவரும் லில்லர்ட் ஆடும் அதே இடத்துக்காரர், 19 வயது. 32 வயது நட்சத்திரத்துக்கு இதைவிடத் தெளிவாக ஒரு அணி எதைச் சொல்லிவிட முடியும்? லில்லர்ட் கேட்டதும் ஏதாவது ஒரு நல்ல அணியை அல்ல, மயாமியை மட்டும்தான்.

இங்கேதான் ரசிகர்கள் பலர் கவனிக்கத் தவறிய விஷயம் இருக்கிறது. தன் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்யக் கூடாது என்ற விதி லில்லர்டின் ஒப்பந்தத்தில் இல்லை. அந்த உரிமை லேசில் கிடைப்பதில்லை. லீகில் 8 ஆண்டும் அதே அணியில் 4 ஆண்டும் ஆடியவர்தான் புது ஒப்பந்தம் போடும்போது அதைக் கேட்கவே முடியும். அந்தக் கோடையில் வாஷிங்டனிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன பிராட்லி பீலிடம் அது இருந்தது. லில்லர்டிடம் இருந்தது ஊர் வைத்திருந்த மரியாதை மட்டும்தான். மரியாதைக்குச் சட்ட பலம் கிடையாது.

இனி கணக்குக்கு வருவோம். கால்பந்தில் ஒரு வீரர் வேண்டுமென்றால் கிளப்புக்குப் பணத்தைக் கொட்டிக் கூட்டிவந்துவிடலாம். ஐபிஎல் டிரேடுகளிலும் காசு கைமாறுவது உண்டு. என்பிஏவில் பணத்தை மட்டும் கொட்டி ஒரு நட்சத்திரத்தை வாங்கிவிட முடியாது. சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி ஒரு வீரரை வாங்க வேண்டுமென்றால், ஏறத்தாழ அதே அளவு சம்பளம் வாங்குபவர்களைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அனுப்புவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு கூடுதல் என்பது அணியின் மொத்தச் சம்பளச் செலவைப் பொறுத்தது. நல்ல அணிகள் அநேகமாக எல்லாமே உச்சவரம்பைத் தாண்டியவை என்பதால், இது கிட்டத்தட்ட பண்டமாற்றுதான். என்னிடம் நெல் இருக்கிறது, உனக்கு வேண்டியது உப்பு. உப்பு வைத்திருப்பவனுக்கு நெல் தேவைப்பட்டால்தான் நம் இருவருக்கும் வியாபாரம்.

மயாமியிடம் இருந்த நெல் ஹீரோ. 23 வயது, நன்றாகப் பந்து போடுவார். ஆனால் போர்ட்லண்டில் ஏற்கெனவே ஆன்ஃபர்னி சைமன்ஸ், ஷேடன் ஷார்ப், இப்போது ஹெண்டர்சன் என்று அதே வகை இளைஞர்கள் மூன்று பேர் நின்றார்கள். வீட்டில் மூன்று அம்மிக்கல் இருக்கும்போது நான்காவதை யார் வாங்குவார்? ராபின்சனின் ஒப்பந்தமோ 2026 வரை நீண்டது. ஆகவே ஹீரோவை விரும்பி வாங்கிக்கொண்டு, போர்ட்லண்டுக்குப் பிடித்த எதையாவது கொடுக்கக்கூடிய மூன்றாவது அணி ஒன்று வேண்டும். மயாமி ரசிகர்களின் எல்லாத் திட்டங்களிலும் அந்த மூன்றாவது அணி வந்துகொண்டே இருந்தது, ஆனால் அந்த அணிக்கு இதில் என்ன லாபம் என்ற இடத்தில் மட்டும் எழுத்து மங்கிவிடும்.

டிராஃப்ட் உரிமைகளிலும் ஒரு முடிச்சு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் என்பவர் எதிர்கால முதல் சுற்று உரிமைகளை வாரி இறைத்து அணியை மொட்டையடித்துவிட்டார். அவருக்குப் பிறகு லீக் ஒரு விதி போட்டது: வரவிருக்கும் இரண்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் முதல் சுற்று உரிமையே இல்லாத நிலைக்கு எந்த அணியும் போகக் கூடாது. இன்றும் அவர் பெயரில்தான் அந்த விதி அழைக்கப்படுகிறது. இப்படி ஒரு சாகாவரம் யாருக்கும் வர வேண்டாம். மயாமி ஏற்கெனவே ஒரு முதல் சுற்று உரிமையை ஓக்லஹோமா சிட்டிக்குக் கடன்பட்டிருந்தது. அதை நடுவில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை விற்க முடியாது. கையில் நிறைய இருப்பதாக ரசிகர் நினைக்கிறார், விதிப் புத்தகத்தைத் திறந்தால் பாதி முடக்கம்.

இத்தனையும் தெரிந்த ரசிகர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இஎஸ்பிஎன் நடத்தும் டிரேட் மெஷின் என்ற கருவியில் அணிகளையும் வீரர்களையும் தட்டினால் சம்பளக் கணக்கு ஒத்துவருகிறதா என்று உடனே சொல்லிவிடும். அது வந்த பிறகு ஒவ்வொரு ரசிகரும் அரை கணக்குப்பிள்ளை ஆகிவிட்டார். ஆனால் மெஷினுக்கு விதி தெரியும், ஆசை தெரியாது. செல்லும் என்று அது சொல்வதற்கும், எதிரில் இருப்பவர் ஒப்புக்கொள்வார் என்பதற்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது.

அப்புறம் வதந்தி. நம் ஊர் மாட்டுச் சந்தையில் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு எந்த விரல் மடங்கியது என்று தெரியாது. என்பிஏவிலும் துண்டு உண்டு. ஆனால் பேரம் பேசுகிறவர்களே அவ்வப்போது அதன் ஓரத்தைத் தூக்கி, தங்களுக்கு வசதியான விரலை மட்டும் வெளியே காட்டுவார்கள். அந்த ஒற்றை விரலைப் பார்த்துத்தான் நாம் இரவெல்லாம் விலையை ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

வீரரின் ஏஜென்ட் செய்தி கசியவிட்டால், மற்ற அணிகளை விலக்கி வைக்க. விற்கும் அணி கசியவிட்டால், இன்னும் ரெண்டு பேர் கேட்கிறார்கள் என்று விலை ஏற்ற. வாங்க முடியாமல் போன அணி கசியவிட்டால், நாங்கள் முயன்றோம் என்று சொந்த ரசிகரைச் சமாதானப்படுத்த. நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்வோம். ஆனால் கொசு விரட்டவும் மூட்டம் போடுவார்கள் அல்லவா? டிரேட் வதந்திகளில் பாதி அந்த வகைப் புகை.

லில்லர்ட் விஷயத்தில் இது லீக் அலுவலகம் வரை போனது. மயாமியைத் தவிர வேறு அணிக்கு அனுப்பினால் லில்லர்ட் மனதார ஆட மாட்டார் என்று அவருடைய ஏஜென்ட் ஆரன் குட்வின் பிற அணிகளிடம் சொன்னதாகப் பேச்சு அடிபட்டது. ஜூலை கடைசியில் என்பிஏ 30 அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. விசாரித்தோம், ஒப்பந்தப்படி முழுமையாக ஆடுவதாக இருவரும் உறுதி சொல்லியிருக்கிறார்கள், இனி இப்படிப் பேசினால் நடவடிக்கை என்று அதன் சாரம். போர்ட்லண்ட் பொது மேலாளர் ஜோ குரோனினுக்கு அது ஒரு பரிசு. மயாமி மட்டும்தான் என்ற வேலி அன்றே சரிந்தது. மயாமி ரசிகர்கள் அந்த அறிக்கையைப் படித்துக் கோபப்பட்டார்கள்; பயந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் முழுக்க அசைவில்லை. இரு அணிகளுக்கும் இடையே பேச்சுவார்த்தையே பெரிதாக இல்லை என்றே செய்திகள் வந்தன. ஹீட்டின் தலைவர் பாட் ரைலி காத்திருந்து விலையை இறக்கிவிடுவார் என்று மயாமி பக்கம் நம்பிக்கை. செப்டம்பரில் திடீரென டொரான்டோ பெயர் அடிபட்டது. கனடா ரசிகர்கள் ஒரு வாரம் அதே ஜுரத்தில் கிடந்தார்கள்.

செப்டம்பர் 27 அன்று முடிந்தது. மயாமியும் இல்லை, டொரான்டோவும் இல்லை. மில்வாக்கி பக்ஸ். பொதுவெளியில் யாரும் பெரிதாகப் பேசாத பெயர். துண்டுக்குள் மடங்கிய விரல் அதுதான்.

இந்த டிரேடைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் மூன்று அணி டிரேட் எப்படிப் பூட்டுகிறது என்பது இதில் கண்ணாடி போலத் தெரிகிறது. மில்வாக்கி கொடுத்தது ஜூரூ ஹாலிடேயை. அவர் சம்பளம் சுமார் 3.7 கோடி. லில்லர்டுக்கு 4.56 கோடி. இடையில் கிட்டத்தட்ட 90 லட்சம் குறைகிறது. மில்வாக்கியில் கிரேசன் ஆலன் என்ற வீரரின் சம்பளம் ஏறக்குறைய அதேதான். அவரைச் சேர்த்தார்கள், தராசு நேரானது. ஆலன் அந்தப் பட்டியலில் இருந்ததற்கு முதல் காரணம் அவருடைய ஆட்டம் அல்ல, அவருடைய சம்பளச் சீட்டு.

ஆனால் போர்ட்லண்டுக்கு ஆலனும் வேண்டாம், 33 வயது ஹாலிடேயும் நீண்ட நாளைக்கு வேண்டாம். அதற்குத் தேவை ஒரு இளம் சென்டர், அதாவது கூடைக்கு அருகில் ஆடும் உயரமான வீரர். இந்த இடத்தில் ஃபீனிக்ஸ் சன்ஸ் வருகிறது. அங்கே 2018 டிராஃப்டின் முதல் ஆளான டிஆண்ட்ரே எய்ட்டன் இருந்தார். 2022-இல் இண்டியானா அவருக்கு 4 ஆண்டுக்கு 13.3 கோடி டாலர் தர முன்வந்தபோது, அதே தொகைக்கு ஃபீனிக்ஸ் அவரைத் தக்கவைத்துக்கொண்டது. தக்கவைத்ததே தவிர, உறவு சரியாகவில்லை. இதற்குள் கெவின் டுராண்ட், டெவின் புக்கர், பீல் என மூன்று பெருஞ்சம்பளங்கள் சேர்ந்து, மீதி இடங்களை நிரப்ப ஃபீனிக்ஸிடம் வழியில்லை. ஒரு பெரிய நோட்டு கையில் இருக்கிறது, டீக்கடையில் சில்லறை கேட்கிறார்கள் என்ற நிலை. எய்ட்டனைக் கொடுத்து, மில்வாக்கியின் ஆலன், போர்ட்லண்டின் யூசுஃப் நுர்கிச், நசீர் லிட்டில், கியான் ஜான்சன் என நான்கு பேரை வாங்கிக்கொண்டார்கள். 3.25 கோடியை நான்காக உடைத்த மாதிரி.

ஆக, ஹீரோவை வாங்க ஆள் தேடி மயாமி காத்திருந்த அதே நேரத்தில், தனக்கு வேண்டிய மூன்றாவது அணியை போர்ட்லண்ட் கண்டுபிடித்துவிட்டது. எய்ட்டனோடு மில்வாக்கியின் 2029 முதல் சுற்று உரிமை, 2028-லும் 2030-லும் உரிமையை மாற்றிக்கொள்ளும் (இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்ளும்) வசதி, கூடவே டூமானி கமாரா என்ற புதுப் பையன். நடுவில் ஒரு ஆண்டு விட்டு ஒரு ஆண்டு 'மாற்றிக்கொள்ளும் வசதி' வருவதைக் கவனியுங்கள். விற்கத் தடை இருக்கும் ஆண்டுகளில் விற்காமலே கொடுக்கும் உபாயம் அது. நம் ஸ்டெபியன் ஐயாவின் கைங்கர்யம்.

நான்கே நாளில், அக்டோபர் 1 அன்று, ஹாலிடேயை பாஸ்டனுக்குக் கைமாற்றிவிட்டு ராபர்ட் வில்லியம்ஸ், மால்கம் பிராக்டன், இன்னும் இரண்டு முதல் சுற்று உரிமைகளை போர்ட்லண்ட் வாங்கியது. உண்மையில் இது இரண்டு தவணையில் நடந்த நான்கு அணி வியாபாரம்.

மயாமியில் கொதிப்பு. ஹீட் நட்சத்திரம் ஜிம்மி பட்லர் கேமராவைப் பார்த்து, பக்ஸ் முறைகேடாகப் பேசியிருக்கிறதா என்று லீக் விசாரிக்க வேண்டும் என்று ஒரு வீடியோ போட்டார். பாதி விளையாட்டு, பாதி வயிற்றெரிச்சல். அந்த ஏப்ரலில்தான் 58 ஆட்டம் வென்று முதலிடத்தில் இருந்த பக்ஸை மயாமி முதல் சுற்றிலேயே 4-1 என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்த அடியும், அணியின் பெரும் நட்சத்திரம் யானிஸ் அன்டெடோகும்போ எவ்வளவு நாள் இருப்பாரோ என்ற பயமும்தான் மில்வாக்கியை ஹாலிடேயை விடும் அளவுக்குத் துணிய வைத்தன. அக்டோபரில் யானிஸ் ஒப்பந்தத்தை நீட்டித்தபோது, டிரேடின் பாதி விலை அன்றே வசூலானதாக மில்வாக்கி ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மொத்தக் கதைக்கும் பின்னணியில் இன்னொரு மாற்றம் உண்டு. லில்லர்ட் டிரேட் கேட்ட அதே ஜூலை 1 அன்றுதான் லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான புதிய ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. சம்பளச் செலவு மிகுந்த அணிகள் கட்டும் ஆடம்பர வரியின் எல்லைக்கு மேலே 'ஏப்ரன்' என்று இரண்டு கோடுகள். இரண்டாவது கோட்டைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. வாங்கும் தொகையும் அனுப்புவதைவிட ஒரு டாலர் கூடக் கூடாது. இந்தக் கெடுபிடிகள் முழுமையாக வந்தது 2024 கோடையில். மில்வாக்கி ஹாலிடேயையும் ஆலனையும் கூட்டியதும், ஃபீனிக்ஸ் கொடுத்ததைவிடச் சற்று அதிகம் வாங்கியதும் அந்த ஓராண்டு அவகாசத்தில்தான். இன்னும் ஒரு வருடம் தள்ளியிருந்தால் இதே வடிவில் இந்த டிரேட் நடந்திருக்காது.

விதி இறுகியபோது அணிகளின் எண்ணிக்கை கூடியது. 2005-இல் ஐந்து அணிகள் 13 வீரர்களை மாற்றிக்கொண்டதை ஒரு காலத்தில் அதிசயமாகச் சொன்னார்கள். 2024 ஜூலையில் கிளே தாம்சன் டாலஸுக்குப் போனது ஆறு அணி டிரேடில். 2025 ஜூலையில் டுராண்ட் ஹூஸ்டனுக்குப் போனபோது ஏழு அணிகள். தனித்தனியாகப் பேசிவைத்த சிறு டிரேடுகளை ஒரே மூட்டையாகக் கட்டினால் கணக்கு எளிதில் நேராகிறது என்பதுதான் காரணம். ரசிகர்களின் கற்பனை டிரேடுகளை ஐந்து அணி வேண்டுமாம் என்று கிண்டல் செய்தது ஒரு காலம். இப்போது லீகே அதைத் தாண்டிவிட்டது.

யார் ஜெயித்தார்கள் என்று அன்று இரவே மதிப்பெண் போட்டார்கள். அநேகமாக எல்லாரும் மில்வாக்கிக்கு முதல் வகுப்பு கொடுத்தார்கள். நடந்தது வேறு. 2024-லும் 2025-லும் பக்ஸ் முதல் சுற்றிலேயே இண்டியானாவிடம் தோற்றது. முதல் முறை யானிஸ் காயத்தால் ஆடவே இல்லை. இரண்டாம் முறை, 2025 ஏப்ரல் 27 அன்று, லில்லர்டின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஹாலிடேயை வாங்கிய பாஸ்டன் 2024-இல் கோப்பையைத் தூக்கியது. யாரும் கணக்கிலேயே எடுக்காத 52-வது டிராஃப்ட் ஆளான கமாரா, 2025-இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுக்கான இரண்டாவது அணியில் இடம் பிடித்தார். எய்ட்டன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு லேக்கர்ஸுக்குப் போய்விட்டார்.

ஹீரோ? போர்ட்லண்ட் வேண்டாம் என்ற அந்த ஹீரோ மயாமியிலேயே இருந்து 2025-இல் முதல் முறை ஆல் ஸ்டார் (லீகின் சிறந்த வீரர்கள் ஆடும்) ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த வாரக் கடைசியில் நடந்த மூன்று புள்ளிப் போட்டியில், முந்தைய இரண்டு ஆண்டும் வென்ற லில்லர்ட் முதல் சுற்றில் வெளியேற, கோப்பையை வாங்கியவரும் ஹீரோதான். மயாமி ரசிகர்களுக்கு அன்று இருந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்கும். 88 நாள் அவரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தானே.

2025 ஜூலையில் மில்வாக்கி லில்லர்டின் ஒப்பந்தத்தைக் கலைத்தது. பாக்கி 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பி, ஆண்டுக்குச் சுமார் 2.25 கோடி வீதம், அவர் ஆடாமலே கணக்கில் சுமக்க ஒப்புக்கொண்டது. சில நாட்களில் அவர் போர்ட்லண்டுக்கே திரும்பினார். 3 ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலர். அதே கோடையில் பாஸ்டன், ஏப்ரன் கோட்டுக்குக் கீழே இறங்குவதற்காக, ஹாலிடேயை போர்ட்லண்டுக்கு அனுப்பி சைமன்ஸை வாங்கிக்கொண்டது. ஒருவருக்காக ஒருவர் மாற்றப்பட்ட இருவரும் இப்போது ஒரே அறையில் சட்டை மாற்றுகிறார்கள். லில்லர்டின் புது ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்ந்திருக்கிறது: அவர் சம்மதம் இல்லாமல் அவரை இனி யாரும் டிரேட் செய்ய முடியாது.